பால்வாடிக்கு மார்க் போடுகிறவர்களுக்கும் பிள்ளையைச் சேர்க்கிறவர்களுக்கும்

கோபி, அவிநாசி, பல்லடம் பக்கத்து ஊர்களில் பால்வாடிகளுக்கும் சின்ன நர்சரிப் பள்ளிகளுக்கும் போய், அங்கே குழந்தைகளுக்கு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்து மார்க் போடுவது பல வருடமாக என் வேலை. போர்டில் குழந்தைகள் மையம் என்று எழுதியிருந்தாலும் ஊரில் எல்லாருக்கும் அது பால்வாடிதான். நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கிற பெற்றோரும் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக இத்தனை நாளில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டால் அந்த மையத்தில் எதுவும் மாறாது. மார்க் போட்டவரே டீச்சரோடு உட்கார்ந்து, அடுத்த பதினைந்து நாளில் மாற்ற முடிகிற ஒரே ஒரு விஷயத்தைப் பேசி முடிவு செய்து, சொன்ன தேதியில் திரும்பி வந்து பார்த்தால் மாறும். நான் பார்த்த நல்ல மாற்றங்கள் எல்லாமே இப்படி வந்தவைதான்.

அளவுகோல் பற்றிக் கொஞ்சம். பல நாடுகளில் புழங்குகிற ஒன்று, அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபோர்டும் 1980-ல் வெளியிட்ட 'எக்கர்ஸ்'. ஒவ்வொரு அம்சத்துக்கும் ஏழு மார்க். 1 என்றால் போதாது, 3 குறைந்தபட்சம், 5 நல்லது, 7 மிக நல்லது. ஒவ்வொன்றின் கீழேயும் ஆம், இல்லை என்று பதில் சொல்கிற மாதிரி கேள்விகள் இருக்கும். கீழ்ப்படியைத் தாண்டாமல் மேல்படிக்குப் போக முடியாது. சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும், முக்கால்வாசிக் குழந்தைகள் கை கழுவாமல் உட்கார்ந்தால் அந்த அம்சத்தில் மார்க் ஏறாது. இந்தக் கண்டிப்பு ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஆனால் பார்க்க வந்தவரின் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையாமல் காப்பது இதுதான்.

நம் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே தனித்தனி மூலைகளும் குட்டி நாற்காலிகளும் இருக்கும் என்று வைத்துக் கேட்கிற கேள்விகள், ஒரே அறையில் பாய் விரித்து இரண்டு வயதும் ஐந்து வயதும் சேர்ந்து உட்காருகிற இடத்துக்குப் பொருந்தாது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் தமிழ்நாட்டுக்கென்றே 'டெசர்ஸ்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். இந்தத் துறையில் மீனா சுவாமிநாதன் செய்த வேலை பெரியது. 1970-களின் தொடக்கத்தில் அவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அடிப்படைகளில் ஒன்று. இன்றைக்கு நம் தெருவில் பால்வாடி இருக்கிறதென்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. நாங்கள் மார்க் போடுகிற தாளில் இந்த அளவுகோல்களிலிருந்து எங்களுக்குத் தேவையானவற்றை எடுத்து வைத்திருக்கிறோம்.

மார்க் போட மூன்று மணி நேரமாவது உட்கார வேண்டும். குழந்தைகள் வருவதற்கு முன்னாலேயே போய், ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நாற்காலி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் எல்லாம் உங்களுக்காக நடக்கும்: வணக்கம், பாட்டு, திருக்குறள். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போகப்போக உங்களை மறந்துவிடுவார்கள். உண்மையான காலை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

2013-ல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை சில குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கிறது. முப்பது குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை, 30 சதுர மீட்டர் வெளியிடம், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் இருபது பேருக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குக் கீழே என்றால் பத்துப் பேருக்கு ஒருவர், ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம், தாய்மொழியில். இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் டேப் வைத்து அளக்க முடிகிற விஷயங்கள் பக்கமே பார்க்க வந்தவரின் கவனம் ஓடிவிடும். சுவருக்கு அடித்த பெயின்ட்டும் புது டைல்ஸும் மனதை இழுத்து மற்ற மார்க்கையும் தூக்கிவிடும். டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும், பிள்ளைகளின் கற்றலை ஆய்வு செய்கிற அசர் மையமும், யுனிசெஃபும் சேர்ந்து, ராஜஸ்தான், அசாம், தெலங்கானாவில் நான்கு வயதுப் பிள்ளைகளை எட்டு வயது வரை பின்தொடர்ந்து 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயதுக்கேற்ற விளையாட்டும் பேச்சும் செயலும் நடக்கிற இடத்தில்தான் குழந்தைகள் பள்ளிக்குத் தயாராகிறார்கள் என்பது அதில் தெளிவாக வந்தது. பெயருக்கு ஒரு மையத்தில் சேர்ந்திருப்பது மட்டும் போதவில்லை. எங்கள் அனுபவமும் அதேதான். டீச்சருக்கும் குழந்தைக்கும் நடுவில் நடக்கிற பேச்சுதான் தரம். அதைக் காதால்தான் அளக்க முடியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பல்லடம் பக்கம் ஒரு மையம். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அங்கே எல்லாருக்கும் குரல் பெரியது. அன்றைக்குச் சோற்றோடு முட்டை. நான்கு வயதுப் பையன் ஒருவன் முட்டையைப் பிய்த்து, மஞ்சள் கருவை இரண்டு விரலில் எடுத்துப் பிடித்து, "டீச்சர், இதை யாரு உள்ள வெச்சாங்க?" என்று கேட்டான். டீச்சர் கையில் பதிவேடு. "பேசாமச் சாப்புடு கண்ணு" என்றார். குரலில் அன்பு இருந்தது, தலையையும் தடவிக்கொடுத்தார். அன்புக்கான இடத்தில் நல்ல மார்க்கும், பேச்சுக்கான இடத்தில் குறைந்த மார்க்கும் விழுந்தது.

குழந்தைகள் தூங்கிய பிறகு தாளை அவர் முன்னாலேயே வைத்துப் பேசினோம். "சாப்புடறப்பப் பேசக்கூடாதுன்னுதானுங்க மேடம் நாங்க சொல்லிக் குடுக்கறோம்" என்றார். நியாயமான பதில். அக்கா, ஒரு நாளில் இத்தனை பேரும் ஒரே இடத்தில், தானாகவே வட்டமாக உட்கார்ந்து, பேச ஆசையோடு இருக்கிற நேரம் இது ஒன்றுதானே என்று கேட்டேன். பதினைந்து நாளைக்கு ஒன்றே ஒன்று செய்து பார்ப்போம் என்று முடிவானது. சாப்பாட்டு நேரத்தில் பதிவேட்டை அலமாரியில் வைத்துவிட்டுக் குழந்தைகளோடு தரையில் உட்கார்வது. ஒரு கேள்வி கேட்பது. கேட்டபின் மனசுக்குள் ஐந்து வரை எண்ணி, பதிலுக்குக் காத்திருப்பது.

இந்தக் காத்திருப்பதை நான் அழுத்திச் சொல்வேன். கேள்வி கேட்காத டீச்சர் கிடையாது. "இது என்ன கலரு?" என்று கேட்ட அடுத்த நொடியே "மஞ்சளு" என்று அவரே சொல்லிவிடுவார், குழந்தைகள் கோரஸாக "மஞ்சளு" என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுத்தாலே போதும், பேச ஆரம்பித்துவிடும்.

சொன்ன தேதியில் திரும்பிப் போனேன். மறுபடியும் முட்டை நாள். டீச்சர் கையில் ஒரு முட்டையைத் தூக்கிக் காட்டி, "இது எங்கிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். "கடையில" என்றது ஒன்று. "எங்க அம்மிச்சி ஊட்டுல கோழி அடைக்கு உக்காந்திருக்குது" என்றாள் ஒரு பெண் குழந்தை. "தொட்டாக் கொத்தும்" என்றது இன்னொன்று. பழைய கேள்விக்காரப் பையன் கையில் இருந்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்ப இதுல ஏன் குஞ்சு இல்ல?" என்றான். டீச்சர் சிரித்துவிட்டு, "நல்லாக் கேட்ட சாமி. அம்மிணி, உங்க அம்மிச்சிகிட்டக் கேட்டுட்டு வந்து நாளைக்கு எல்லாருக்கும் சொல்லு" என்று அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தார். ஒரு பைசா செலவில்லை. பேச்சுக்கான மார்க் ஏறியது. அதைவிட, தாளில் எழுத இடமில்லாத ஒன்று அந்த அறைக்குள் வந்திருந்தது. இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்கு இந்த மாதிரி மதியங்கள்தான் காரணம்.

அடுத்தது, விளையாட்டுச் சாமான். நீங்கள் போகிற பல மையங்களில் அது பீரோவின் மேல், பிரிக்காத பிளாஸ்டிக் கவரோடு இருக்கும். சோம்பேறித்தனம் என்று எழுதிவிடாதீர்கள். "உடைஞ்சு போச்சுன்னா ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று கேட்பார்கள். அந்தப் பயம் நிஜம். விளையாடி உடைந்ததைக் கழித்துக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் எழுத்தில் ஒரு வரி கொடுத்தால் கவர் பிரியும். அதைக் கேட்டு வாங்கித் தருவது மார்க் போட வந்தவரின் வேலை. அதுவரை ரிஜிஸ்டரில் ஏறாத சாமான் நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் தூக்கிப் போடுகிற நூல் கோன்களைக் கேட்டால் கோணி நிறையக் கொடுப்பார்கள். அடுக்கலாம், எண்ணலாம், உள்ளே பந்து விடலாம், காதில் வைத்துப் பேசலாம். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் துணியில் நிறம் பிரிக்கலாம், முடிச்சுப் போடலாம், பொம்மைக்குத் துணி கட்டலாம். பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்குச்சிக்குக் குறைவே இல்லை; ஓரத்தைத் தேய்த்து மண் அள்ளக் கொடுக்கலாம். புளியங்கொட்டை மட்டும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும், ஆபத்து. எதுவானாலும் குழந்தை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். அளவுகோலில் இதற்குத் தனி மார்க்கே உண்டு.

எது யார் கையில் இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் மார்க் போட்டால் பழி முழுக்க டீச்சர் தலையில் விழும். கால் மணிக்கு ஒருமுறை, அந்த நிமிடத்தில் டீச்சர் என்ன செய்கிறார் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். குழந்தையோடு, பதிவேட்டோடு, போனில் போஷன் டிராக்கரில் (பால்வாடிப் பதிவுகளை ஏற்றுகிற அரசு ஆப்), ஆயா வராத நாளில் அடுப்படியில் என்று வரும். காலையில் பாதி நேரம் போனுக்கும் பதிவேட்டுக்கும் போனது அந்தத் தாளில் தெரிந்தால் அலுவலரிடம் பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். ஒரு இடத்தில் இதைக் காட்டித்தான் பதிவு வேலையைக் குழந்தைகள் தூங்குகிற நேரத்துக்கு மாற்ற முடிந்தது.

கழிப்பறையும் தண்ணீரும் ஊராட்சி செய்ய வேண்டியவை. வாயால் சொன்னது காற்றோடு போகும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஒரே ஒரு கோரிக்கையை எழுதி, அம்மாக்களைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அவர்களே எழுந்து பேசினால் தீர்மானத்தில் ஏறும். அவிநாசி பக்கம் ஒரு ஊரில் குழந்தைகள் கழிப்பறைக்குக் குழாய் இப்படித்தான் வந்தது. எழுந்து பேசியவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற ஒரு அம்மா. பத்து கோரிக்கை வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

திருப்பூரில் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள் காலை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். தொந்தரவு செய்யாத பிள்ளை என்று பெயர் வாங்கிவிடுவார்கள். எங்கள் தாளில் அன்றைக்கு ஒருமுறையும் வாய் திறக்காத குழந்தைகளைக் குறிக்கத் தனியாக ஒரு வரி வைத்திருக்கிறோம். தண்ணீர், பசி, வலி, பாத்ரூம், அம்மா என்று பத்து வார்த்தையை அந்தக் குழந்தையின் அம்மாவிடமே கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்ட ஒரு டீச்சரைப் பார்த்தேன். பக்கத்துப் பள்ளியில் படிக்கிற அந்தக் குழந்தையின் அக்காவைக் கொஞ்ச நாள் காலையில் வந்து உட்காரச் சொன்னார். அந்தக் குழந்தை முதலில் பேசியது தமிழா ஒடியாவா என்பது முக்கியமில்லை. பேசியது.

தனியார் நர்சரிக்கு வருவோம். இடம் அழகாக இருக்கும், ஊஞ்சல் இருக்கும், மூன்று வயதுக் குழந்தை நான்கு கோடு நோட்டில் விரல் வலிக்க எழுதிக்கொண்டிருக்கும். தாளாளரிடம் கேட்டால், "எழுத வைக்கலைன்னா பேரண்ட்ஸ் அடுத்த ஸ்கூலுக்குப் போயிருவாங்க மேடம்" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற அம்மாவும் அப்பாவும் பிள்ளை என்ன கற்றது என்று பார்க்கக் கையில் கிடைப்பது அந்த நோட்டு ஒன்றுதான். அதனால் நோட்டை நிறுத்துங்கள் என்று சொல்லிப் பயனில்லை. வேறு ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு பள்ளியில், குழந்தை வரைந்த படத்துக்குக் கீழே அது சொன்ன வாக்கியத்தை டீச்சர் அப்படியே எழுதி ஃபைலில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். "இது எங்க அப்பாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டறாரு." அப்பாக்கள் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். அதன் பிறகு எழுத்து நோட்டைக் குறைத்தபோது யாரும் சண்டைக்கு வரவில்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோருக்கு: அட்மிஷன் அறையில் உட்காராதீர்கள், வகுப்பில் அரைமணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். அழுகிற குழந்தையிடம் யார் போகிறார்கள், எந்த உயரத்துக்குக் குனிந்து பேசுகிறார்கள் என்று பாருங்கள். டீச்சர் அதிகம் பேசுகிறாரா, பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்களா என்று கேளுங்கள். கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் அதுவே ஒரு பதில்தான்.

மார்க் போடுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மாதத்தில் ஒரு தடவையாவது இரண்டு பேர் ஒரே மையத்தில் தனித்தனியாக உட்கார்ந்து மார்க் போட்டு, வெளியே வந்து ஒப்பிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 85 இடங்களிலாவது ஒரு மார்க் வித்தியாசத்துக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் அளவுகோலைத் திரும்பப் படியுங்கள். யாருடைய மார்க்கையும் அதுவரை வெளியே சொல்லாதீர்கள்.

மற்றது, மையங்களை வரிசைப்படுத்திக் கூட்டத்தில் வாசிப்பது. ஒரு வட்டாரக் கூட்டத்தில் அப்படி வாசித்தார்கள். அடுத்த சுற்றில் எல்லா மையத்திலும் தோரணம், சார்ட், தரையில் பரப்பி வைத்த பொம்மைகள். நாங்கள் கிளம்பியதும் அத்தனையும் பீரோவுக்கு மேலே போனது. அமெரிக்காவில் 1998-ல் ஓக்லஹோமா மாநிலம் நட்சத்திர முறையைத் தொடங்கியபோது, அதிக நட்சத்திரம் வாங்கிய காப்பகத்துக்கு அரசு தருகிற தொகையும் உயர்ந்தது. நட்சத்திரத்தோடு பணமும் பயிற்சியும் சேர்ந்து வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. ஒன்றும் தராமல் மார்க்கை மட்டும் ஊரறிய வாசிப்பது, மாதச் சம்பளம் குறைவாக வாங்கிக்கொண்டு முப்பது பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு பெண்ணை அவமானப்படுத்துவதுதான். அதில் எனக்குச் சம்மதம் கிடையாது.

முதல் விஷயம் மாறிய பிறகு இரண்டாவதை டீச்சரே தேர்ந்தெடுக்கட்டும். நாம் யோசிக்காத ஒன்றைச் சொல்வார்கள். அந்த முட்டை டீச்சர் தேர்ந்தெடுத்தது காலை வருகை. கம்பெனி வேன் எட்டரைக்கு வந்துவிடும் என்பதால் அம்மாக்கள் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு ஓடுகிறார்கள்; ஆயாம்மா அடுப்படியில், டீச்சர் வருகைப் பதிவில், அழுகிற பிள்ளை கதவோரம். இனி முதல் அரைமணி நேரம் ஆயாம்மா வாசலிலேயே இருப்பார், அரிசி களைவது அதற்குப் பிறகு. பிள்ளை அழுதால் ஆறுதலாகப் பிடித்துக்கொள்ள, வீட்டிலிருந்து அம்மாவின் பழைய துண்டு ஒன்றைப் பையில் போட்டு அனுப்பலாம் என்று அம்மாக்களிடம் சொல்லியாகிவிட்டது. அடுத்த முறை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்து அந்த ஒரு வரிக்கு மட்டும் மார்க் போடப்போகிறோம்.